நோட்டில் இல்லாத எண்கள்

எனக்குச் சர்க்கரை இருப்பது ஒரு மருத்துவ முகாமில்தான் தெரியவந்தது. அந்த முகாமுக்கு நான் நோயாளியாகப் போகவில்லை. மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மனுவைப் பூர்த்தி செய்து தருவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி, முகாம் நடத்தியவர்கள் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் குறைந்த நேரத்தில், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் பார்த்துவிடலாம் என்று நர்ஸ் என் விரலைப் பிடித்தார். இருநூற்று நாற்பத்தெட்டு வந்தது. காலையிலிருந்து மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்த அதே பதிவேட்டில், என் பெயருக்கு எதிரே நானே அந்த எண்ணை எழுதினேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இனிப்பு எனக்குப் பிடிக்காது. கல்யாண வீட்டில் இலையில் வைக்கும் லட்டைக் கூடப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுகிறவள் நான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், பாத்தியில் படிந்த உப்பை நீளக் கழியில் பொருத்திய பலகையால் இழுத்து வரப்பில் சேர்க்கிற வேலை. வெயில் ஏறிப் பதினோரு மணி ஆகும்போது திரும்பிவிடுவார். உப்பிலேயே நிற்கிறவனுக்குச் சர்க்கரை வராது, நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் வரும் என்றார். அவரோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்வார்களாம். கேலியாகச் சொன்னாலும் அதில் பாதியை அவர் நம்பினார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன்பிறகு ஆளுக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்கு மனு எழுத வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். பாகற்காயைப் பச்சையாகத் தின்னச் சொன்னார் ஒருவர். அரிசியைத் தொடவே கூடாது, மூன்று வேளையும் கேழ்வரகுதான் என்றார் இன்னொருவர். பழமே கூடாது என்று ஒருவர் சொன்ன மறுநாளே, கொய்யா எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்த்தேன். எதைச் செய்ததால் எது நடக்கிறது என்று தெரியாமலே நாலைந்து மாதம் ஓடிப்போனது.

கிளியனூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் பொங்கலுக்கு வந்தபோது ஒரு சர்க்கரை பார்க்கும் மிஷின் வாங்கிவந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மிஷின். ஒரு புட்டியில் ஐம்பது ஸ்ட்ரிப், விரலைக் குத்தப் பேனா மாதிரி ஒன்று. எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவசரமாக பஸ் பிடித்துப் போய்விட்டாள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வாரத்தில் இரண்டு முறை பார்த்தால் போதும், ஒருநாள் வெறும் வயிற்றில், இன்னொரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று நான் காட்டுகிற ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். தேதி, நேரம், என்ன சாப்பிட்டேன், எவ்வளவு வந்தது என்று நாலு பத்தியாக எழுதினேன். மனுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே எனக்கு மனசு கேட்காது. இதையும் அப்படித்தான் எழுதினேன்.

நோட்டு வந்த பிறகுதான் சில விஷயங்கள் பிடிபட்டன. கேழ்வரகு அடை மூன்று சாப்பிட்ட அன்றைக்கு இருநூற்றுப் பதினாலு. இரண்டு இட்லியும் நிறையச் சாம்பாரும் சாப்பிட்ட அன்றைக்கு நூற்று ஐம்பத்தாறு. நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டரம்மா என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். கேழ்வரகும் சோறு மாதிரிதான், எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம் என்று விளக்கினார். தட்டில் பாதிக்குக் காய், கால் பங்கு சோறு, மீதிக்கு மீனோ முட்டையோ பயறோ. தினமும் அரை மணி நேரம் நடை. காலையும் இரவும் ஒரு மாத்திரை. படுக்கப்போகும் முன் பாதத்தைப் பார்க்க வேண்டும், சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலில் அடிபட்டாலும் சிலசமயம் வலி தெரியாது என்று அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார். அந்தத் தாளை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கணவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு வருடம் போனது. எண்கள் மெதுவாக இறங்கின. வெறும் வயிற்றில் நூற்றிருபது, நூற்று முப்பது என்று வந்தது. கடைக்கு ஷேர் ஆட்டோவில் போவதை விட்டு நடக்க ஆரம்பித்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அடுத்த வருடம் பங்குனியில் டாக்டரம்மா மிஷினையும் எடுத்துவரச் சொன்னார். மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத்தான். அவர் அதன் பொத்தானை அழுத்தினார். பழைய எண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அதற்குள் இப்படியெல்லாம் சேர்ந்து கிடக்கும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் மிஷினைப் பார்ப்பார், நோட்டைப் பார்ப்பார், மறுபடி மிஷினைப் பார்ப்பார்.

“இந்த முந்நூத்திப் பன்னண்டு நோட்டுல இல்லையேம்மா?”

எட்டிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டுதான். அதற்கு முந்தையது என்னுடைய நூற்றிருபத்தெட்டு. அவர் முன்பக்கமாகத் திருப்பிவந்தபோது இருநூற்று எண்பத்தேழு. மறுபடியும் என்னுடையது ஒன்று. பிறகு முந்நூற்று நாற்பத்தொன்று. தேதியைப் பார்க்கலாம் என்றால், மகள் மிஷினில் தேதியும் நேரமும் வைக்காமலே போயிருக்கிறாள். என்றைக்கோ முடிந்துபோன ஒரு வருடத்தின் ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “நல்லா வர்ற நம்பரை மட்டும் எழுதுறீங்களா? நெறைய பேரு அப்படித்தாம்மா பண்றாங்க. நான் திட்டமாட்டேன். ஆனா எனக்கு நெஜம் தெரிஞ்சாத்தான் மருந்து கொடுக்க முடியும்” என்றார்.

நான் அப்படிச் செய்யவில்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவளின் குரல் மாதிரி கேட்டது. மருந்தை இப்போதைக்கு மாற்றவில்லை, திண்டிவனத்தில் லேபுக்குப் போய் மூன்று மாத சராசரி பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிப் புட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். அது பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆன புட்டி. நோட்டுப்படி பதினொன்று செலவாகியிருக்க வேண்டும். முப்பத்தொன்பது மிஞ்ச வேண்டிய இடத்தில் பதினாறுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். மெடிக்கலில் குறைவாகக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஆலையில் மூடி ஒட்டின புட்டியில் எப்படிக் குறையும்? அடுத்து வந்த எண்ணம்தான் என்னை உலுக்கியது. நானே பார்த்துவிட்டு மறந்துவிடுகிறேனா?

அந்த எண்ணம் வந்தபிறகு எல்லாமே அதற்குச் சாட்சி மாதிரி தெரிந்தது. கடையில் ஒருவருடைய வருமானச் சான்றிதழ் மனுவை இரண்டு முறை அனுப்பிவிட்டேன். அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதெல்லாம் எனக்கு முன்பும் நடந்திருக்கிறதா, இப்போதுதான் நடக்கிறதா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கணவரிடம் கேட்டேன். நான் ஏதாவது இரண்டு தடவை செய்கிறேனா, செய்ததைச் செய்யவில்லை என்கிறேனா என்று. அவர் என்னைப் பார்க்காமல், அதெல்லாம் ஒன்றுமில்லை, உனக்கு வேலை அதிகம் என்றார். அவர் முகத்தை அப்போதே நான் கவனித்திருக்கலாம். என் மூளையைப் பற்றிய கவலையில் இருந்த எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தேன். காலையில் ஒரே ஒரு இட்லி. மத்தியானம் மோரும் வெள்ளரிக்காயும். ஒருநாள் பதினொன்றரை மணிக்கு, ஒரு பெரியவருக்குப் பென்ஷன் மனு தட்டிக்கொண்டிருந்தபோது எழுத்தெல்லாம் நீந்துவது போலிருந்தது. கை நடுங்கியது, பின்கழுத்து வியர்த்துக் கொட்டியது. கடைக்காரர் ஓடிப்போய்ச் சர்க்கரை போட்ட டீ வாங்கிவந்து குடிக்கவைத்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. முந்நூறு முந்நூறாக ஏறுகிற ஒருத்திக்கு எதற்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது என்று அப்போதும் புரியவில்லை.

லேப் முடிவு வந்தது. ஆறு புள்ளி எட்டு. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நல்ல எண், முந்நூறுகள் அடிக்கடி வந்திருந்தால் சராசரி இப்படி வராது என்றார். இப்போது அவருக்கும் குழப்பம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் வேறு யாராவது இந்த மிஷினில் பார்க்கிறார்களா என்று கேட்டார்.

“இல்லைங்க டாக்டர். வீட்ல நானும் அவரும் மட்டும்தான். அவருக்குச் சக்கரையெல்லாம் இல்லைங்க” என்றேன்.

எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இல்லை என்று யார் எனக்குச் சொன்னது? அவர்தான் சொன்னார். அவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா தன் போனைப் பார்த்து மிஷினில் தேதியும் நேரமும் சரியாக வைத்துக்கொடுத்தார். சாப்பாட்டை இப்படிக் குறைக்கக் கூடாது, மாத்திரை போடுகிறவர்கள் பட்டினி கிடந்தால் மயக்கம்தான் வரும் என்று கண்டித்தும் அனுப்பினார்.

ஒரு வாரம் நான் மிஷினைத் தொடவில்லை. எட்டாம் நாள் காலையில் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மூன்று எண்கள் புதிதாக இருந்தன. செவ்வாய் மதியம் மூன்று பத்துக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. வியாழன் மூன்றேகாலுக்கு ஒன்று. சனிக்கிழமை மூன்றுக்கு ஒன்று. அந்த நேரத்தில் நான் கடையில் இருந்தேன், மிஷின் வீட்டு அலமாரியில் இருந்தது. ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். மாவாட்ட எங்கள் வீட்டுக்கு அவள் வருவது உண்டு. மதியம் மூன்று மணிக்கு வீட்டில் யார் இருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உப்பளத்திலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு என் கணவர் தூங்குகிற நேரம் அது. அதனால் அவர் தூங்கும்போது அவள் வந்து பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். மனம் எதைப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறதோ அதைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும் போலிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடையில் சொல்லிவிட்டு இரண்டே முக்காலுக்குக் கிளம்பினேன். வெயிலில் உப்பளத்துப் பக்கம் பார்க்க முடியாமல் கண் கூசியது. வீட்டில் முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் பாய் விரித்திருந்தது, ஆள் இல்லை. பின்பக்கம் போனேன்.

துவைக்கிற கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மிஷின் தொடைமேல் இருந்தது. இடது கையின் சுண்டு விரலை வலது கையால் பிதுக்கிக்கொண்டிருந்தார். காலடியில் நாலைந்து ஸ்ட்ரிப் கிடந்தன. இத்தனை வருடமாகப் பலகைக் கழி பிடித்துக் காய்த்துப்போன கை அது, விரல் நுனியெல்லாம் தோல் தடித்து மஞ்சளாக இருக்கும். பேனாவின் ஊசி அதற்குள் இறங்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறைக்கவோ எழுந்திருக்கவோ இல்லை.

“ரத்தமே வர மாட்டேங்குது” என்றார்.

உதவி கேட்கிற மாதிரி இருந்தது. நான் அவர் பக்கத்தில் குந்தி, விரலை வாங்கி, நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்தி, அடியிலிருந்து மெதுவாக உருவினேன். ஒரு துளி வந்தது. முந்நூற்று இருபத்தாறு.

இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தானாக அணைந்தது.

“எத்தினி நாளா?” என்றேன்.

“தை மாசத்துலருந்து.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவர் கீழே கிடந்த ஸ்ட்ரிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். “சொன்னா நீ நோட்டு போட்டு எழுதுவே. எழுதிட்டா அது இருக்குதுன்னு ஆயிடும்” என்றார்.

பிறகு காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துப் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே, தடித்த தோலின் நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குழி. ஓரம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. நடுவில் கருஞ்சிவப்பு. அவர் அதை யாருடைய காலையோ காட்டுகிற மாதிரி காட்டினார்.

அன்றைக்குத் துண்டுதுண்டாக அவர் சொன்னதைச் சேர்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. தை மாதம் பாத்தியைச் சீர் செய்யும்போது ஏதோ கிளிஞ்சல் குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பாத்தியில் நின்றவர், இன்னாப்பா உன் கால்ல ரத்தம் என்று சொன்னபிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். உப்பளத்துத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு வினோதம் என்று புரியும். அந்தத் தண்ணீரில் எறும்பு கடித்த இடம்கூட நெருப்பு வைத்த மாதிரி எரியும். வெடித்த பாதத்தோடு இறங்குகிறவர்கள் முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். இவருக்கு எரியவே இல்லை. முதலில் அவருக்குச் சந்தோஷமாம். இத்தனை வருடம் எரிந்தது போதும் என்று தோல் பழகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். கூட இருந்தவர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார். நாலைந்து நாள் கழித்து, நான் சத்தமாகப் படித்த அந்தத் தாள் நினைவுக்கு வந்திருக்கிறது. மதியம் தனியாக இருந்தபோது மிஷினை எடுத்துப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து என் நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் எனக்கு நூற்று இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் தன் எண்ணைப் பார்த்துவிட்டு என் நோட்டைப் பார்ப்பாராம். நான் செய்வதையெல்லாம் அவரும் செய்தார். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சோற்றில் பாதியைப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்தார். திரும்பும்போது கால்வாய்க் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு நடந்துவந்தார், அந்தக் காலோடு. டீயில் சர்க்கரையை நிறுத்தினார்.

“நீ பண்றதுதான நானும் பண்ணேன். உனக்கு மட்டும் எறங்குது, எனக்கு எறங்கல. இன்னா கணக்குன்னே தெரியல” என்றார்.

அவர் மாத்திரை போடவில்லை, அதுதான் கணக்கு. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டால், தெரியும், ஆனாலும் பார்க்கலாம் என்று இருந்தேன் என்பார். சில நாட்களில் தெரியாது என்பார். இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த மூன்று மாதத்தில் அவர் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. தண்ணீர் சொம்பு சொம்பாகக் குடித்தார். வெயிலில் வேலை செய்கிற ஆள் மெலிவதும் தண்ணீர் குடிப்பதும் எங்கள் பக்கத்தில் யார் கண்ணிலும் படாத விஷயம். எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

மறுநாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் கோபப்பட்டது மிஷினைப் பகிர்ந்துகொண்டதற்கு அல்ல, ஊசிக்கு. ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்தவே கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் கூடாது என்று சொல்லி எங்கள் இரண்டு பேருக்குமே ரத்தம் எடுத்தார். நல்லவேளை, அதில் எந்தத் தொற்றும் இல்லை. அவருக்குச் சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பிறகு நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிய ஒரு நைலான் இழை. அதன் நுனியால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். அவர் தெரியுது என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தெரியுது என்றார். நான் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் தொடுகிறபோது அவர் சும்மா இருந்தார். நர்ஸ் கையை எடுத்து இழையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெரியுது என்றார். ஊகித்துச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை எப்படியாவது ஒன்றைச் சொல்லிவைப்பது போல. நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். வலது பாதத்தில் பத்தில் இரண்டு இடம்தான் சரியாகச் சொன்னார். எழுந்து உட்கார்ந்து, எல்லாம் சரியா இருக்குதா என்று நர்ஸிடம் கேட்டார்.

புண்ணைச் சுற்றியிருந்த செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். எலும்புவரை போகவில்லை, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. தினமும் கட்டு மாற்ற வேண்டும். மாத்திரையோடு கொஞ்ச நாளைக்கு இன்சுலின். புண் மூடும்வரை உப்பளத்துத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. சித்திரையும் வைகாசியும்தான் உப்பு நன்றாக விளைகிற காலம். எல்லோரும் பாத்தியில் நிற்கும்போது அவர் வீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதங்களில் அவர்மேல் எனக்கு என்ன இருந்தது என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. காலையில் அவர் வயிற்றுச் சதையைப் பிடித்து இன்சுலின் போடும்போது பாவமாக இருக்கும். கடைக்கு நடந்துபோகிற வழியில் கோபம் வரும். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் கேட்டபோது, இல்லை என்று மட்டும் சொல்லி, ஏன் இல்லை என்று சொல்லாமல் இருந்தாரே என்று இருக்கும். நான் மயங்கி விழப்பார்த்ததை அவரிடம் சொன்ன அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லையே என்று இருக்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது, என் நோட்டை மடியில் வைத்துத் தன் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டு அந்தக் கல்லில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த மதியங்கள் நினைவுக்கு வரும். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்து சட்டியை அடுப்பில் வைப்பேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். சொல்லாமல் விட்டதற்கு நோட்டு மட்டும்தான் காரணமா என்று. முதலில் அவர், நீ ஒருத்தி சீக்காளியா இருக்கற வீட்டுல இன்னொருத்தரும் ஆயிட்டா யாரு யாரைப் பாக்கறது என்று நினைத்தேன் என்றார். பிறகு, அப்படியும் இல்லை, உன்னைக் கிண்டல் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட சொல்றது என்று இருந்தது என்றார். கடைசியில், “எனக்கே தெரியலம்மா, பயந்துட்டேன்னு வச்சிக்கோ” என்றார்.

புண் மூட ஆவணி ஆகிவிட்டது. மூடியது என்று நாங்கள் இரண்டு முறை நினைத்து இரண்டு முறையும் மறுபடி கசிந்தது. இன்சுலினைக் குறைத்து நிறுத்தினார்கள், மாத்திரை நிலைத்தது. அவருக்கென்று தனியாக ஒரு குத்தும் பேனா, தனி ஊசி. நோட்டும் தனிதான். அதை அவரே எழுதுகிறார். என்ன சாப்பிட்டார் என்ற பத்தியில் ‘சாப்பாடு’ என்று மட்டும் எழுதுவார். எவ்வளவு சொல்லியும் அந்தப் பத்தியை மாற்ற முடியவில்லை. எண்ணை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறார், இருநூறு தாண்டின நாளிலும்.

இந்த வருடம் உப்புக் காலம் தொடங்கியபோது, அளத்துக்காரர் அவருக்கு மேட்டில் வேலை கொடுத்தார். லாரியில் ஏற்றும் மூட்டைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலில் கனத்த ஷூ. அதைப் போட்டுக்கொள்வதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டவேண்டும், உள்ளே கல் கிடந்தால் அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் காலை நீட்டி உட்காருவார். நான் விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். அப்புறம் நான் நீட்டுவேன், அவர் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் தன் மாமியாரின் காலையும் பார்த்துச் சொல்லச் சொல்லி அழைத்துவருகிறாள். அவளை நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரியாது.

போன மாதம் இரண்டு பேருக்கும் மூன்று மாத சராசரி எடுத்தோம். அவருக்கு ஏழு புள்ளி ஒன்று. எனக்கு ஏழு புள்ளி நாலு, கூடியிருக்கிறது. என்ன மாற்றினீர்கள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு, ஒரே நடை. நான் எதையும் மாற்றவில்லை. அப்படித்தான் நினைத்தேன், அப்படியே சொன்னேன். என் கணவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மூன்று வாரம் எதுவுமே எழுதவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கோடு போட்ட பக்கம் காலியாக இருந்தது. அந்த மூன்று வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ஏன் விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருக்குக் கட்டு மாற்றும் நாட்களும் இல்லை அவை. விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றவில்லை. வாரம் இரண்டு முறை விடாமல் பார்த்து எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். வெகுநேரம் வரவில்லை. நடந்துவிடலாமா என்று கேட்டார். வெயில் இறங்கியிருந்தது. சரி என்றேன். கடற்கரைச் சாலையின் ஓரமாக அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.